அக்கினி மூலையில் ஒரு குசினி

தவமணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கண்டி மஹய்யாவயில் ஒருவரும் கிடையாது. பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தையல் கோணினால், அது எந்த மெஷினில் தைத்தது, எந்தப் பிள்ளையின் கை என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். புருஷன் தியாகராஜா டவுனில் ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கப்பிள்ளை. நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுஷர் என்றால் வேறென்ன, எதையும் ஒரு தடவை சொல்வார், கேட்காவிட்டால் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவமணி சமைத்தது நடைபாதையில். மஹய்யாவயில் அவர்கள் இருந்த அறைக்குக் குசினி என்று ஒன்று இல்லை. வாசலுக்கு வெளியே ஓர் அடுப்பு, அதற்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு அடுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. போகிற வருகிற எல்லோருக்கும் அவள் சட்டிக்குள் எட்டிப் பார்க்க உரிமை இருந்தது. "என்ன தவமணி, இன்னிக்கும் பருப்புத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நெஞ்சே எரிந்து கிடந்தது. கதவு வைத்த ஒரு குசினி வேண்டும், அந்தக் கதவைத் தன் கையால் சாத்த வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா? ஆனால் அதற்கு முக்கால்வாசி ஆயுசு போய்விட்டது.

ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில்தான் அம்பிட்டியப் பக்கம் அந்தத் துண்டுக் காணி வாங்கினார்கள். ஹந்தானை மலையின் சரிவு. ரோட்டிலிருந்து படி ஏறிப் போக வேண்டும். விற்றவன் மலையை வெட்டிச் சமதரையாக்கி வைத்திருந்தான். அதனால் காணியின் பின்பக்கம் சிவப்பு மண் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது.

வீடு கட்ட அனுமதி கேட்டபோது காணியைப் பார்க்க மண்சரிவு அபாயம் ஆராயும் ஓர் அதிகாரி வந்தாள். துஷானி என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள், மேட்டில் ஏறிப் பார்த்தாள், பிறகு தியாகராஜாவிடம் பொறுமையாகச் சொன்னாள். ஒரு தட்டுக்கு மேல் கட்டக்கூடாது. கூரைத் தண்ணீரைக் கண்டபடி விடாமல் பீலி போட்டு வடிகானுக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டை இனி ஒரு மண்வெட்டி கூட வெட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவள் கோடு போட்டுக் காட்டிய அந்தப் பட்டை நிலத்தில் கோழிக்கூடு கூட வைக்கக்கூடாது. தியாகராஜா தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அப்படியே கட்டினார்கள். குறை சொல்வதற்கில்லை. பிளானில் குசினி முன்பக்க மூலையில் வந்தது, கதவோடு. பால் காய்ச்சிய அன்று தவமணி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கொஞ்சநேரம் அழுதாள். வெளியே வந்து, வெங்காயம் என்றாள்.

அந்த வீட்டுக்குத்தான் மகன் சஞ்சீவின் மனைவியாக சுபாஜினி வந்தாள். மாத்தளைப் பெண், வாய் திறந்து பேசமாட்டாள். சஞ்சீவ் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு மாமியாரும் மருமகளும்தான் குசினியில். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. டொக்டர், இது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் சுபாஜினியின் அம்மா புஷ்பம் மாத்தளையிலிருந்து வந்து இறங்கினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முன்மூலையில் நின்றாள். கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பார்த்தாள்.

"அண்ணி, இது ஈசானி மூலையில்ல? ஈசானியில சாமிய வைப்பாங்க, அடுப்ப வைப்பாங்களா? என் புள்ள வயித்துல நெருப்பக் கொட்டிட்டீங்களே!"

தவமணிக்குச் சுருக்கென்றது. வீடு கட்டிய காளிமுத்து பாஸைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் கட்டடமும் கட்டுவார், மனையும் பார்ப்பார். "அது அப்பவே எனக்குத் தெரியும்க்கா. பிளான்ல போட்டத நான் எப்படி மாத்துறது? குசினின்னா அக்கினி மூலைதான்" என்றார் சாவகாசமாக. அக்கினி மூலை எங்கே என்று பார்த்தால், அது சரியாக அந்தப் பட்டை நிலத்தில், மேட்டின் காலடியில் போய் விழுந்தது.

"அந்த இடத்துல கட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் தியாகராஜா. ஒரு தடவை.

"எழுதிக் குடுத்தவங்களா வந்து எனக்குப் பேரப்புள்ள பெத்துத் தருவாங்க?" என்றாள் தவமணி. அவர் பேப்பரை விரித்தார்.

குசினி எழும்பியது. கல் சுவர், தகரக் கூரை, சீமெந்தில் கட்டிய அடுப்பு, ஹோலுக்குப் போக ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. பின்கதவைத் திறந்தால் கையை நீட்டி மண்மேட்டைத் தொடலாம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யாருக்குத் தைரியம்?

துஷானி சொன்னாள். வேறொரு காணி பார்க்க அந்தப் பக்கம் வந்தவள், தகரக் கூரையைக் கண்டு படியேறி வந்துவிட்டாள்.

"அம்மா, இது சும்மா கிடந்த காணி எண்டு நினைச்சீங்களோ? மேட்டில இருந்து மண் வந்தா விழுறதுக்கெண்டுதான் இந்த இடத்த விடச் சொன்னனாங்கள். நீங்கள் அதுக்குள்ள நிண்டு சோறு காய்ச்சுறீங்கள்."

"ஏம்மா, நீ கல்யாணம் கட்டினவளா?"

"இல்லை."

"அப்ப ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போயிட்டு வா."

துஷானியின் முகம் சிவந்தது. ஆனால் போகவில்லை. "நான் மேலதிகாரிக்கு அறிவிக்கத்தான் வேணும். உடைக்கச் சொல்லிக் கடிதம் வரும். அதுவரைக்கும் ஒண்டு மட்டும் கேளுங்கோ. மேட்டின்ர அடியில தண்ணி கலங்கி வந்தா, கதவு யன்னல் காரணமில்லாம இறுகினா, சாமான் எடுக்கக் கூட நிக்காதேங்கோ. இறங்கி ஓடுங்கோ" என்றாள். சுபாஜினி கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தவமணி அவளை உள்ளே போகச் சொன்னாள்.

கடிதம் வந்தது. தவமணி அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஏனென்றால் அதற்குள் சஞ்சீவ் லீவில் வந்து போய், சுபாஜினி மறுபடியும் உண்டாகியிருந்தாள். மூன்று மாதம் தாண்டியது. நாலு தாண்டியது. பார்த்தீர்களா என்று தவமணி ஊரெல்லாம் கேட்டாள். புஷ்பம் ஃபோனில், "அக்கினி மூலையோட அருள்தான் அண்ணி" என்றாள். இனி அந்தக் குசினியில் ஒரு கல்லை அசைக்க எந்தக் கொம்பனால் முடியும்?

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். குறித்த வாரத்தில் மழை பிடித்தது.

கண்டி மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது அந்த மழை இல்லை. ஓய்வு எடுக்காமல், மூச்சு விடாமல், கோபம் வந்த மாதிரி அடித்தது. கட்டுகஸ்தோட்டையில் ஆறு பாலத்தை எட்டிப் பார்க்கிறது என்றார்கள். டவுனில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து குசினித் தரையில் ஓடியது. தவமணி கோணிச்சாக்கைப் போட்டுத் துடைத்தாள். பின்கதவு சிக்கியது. மழைக்குப் பலகை ஊறியிருக்கும் என்று காளிமுத்து பாஸைக் கூப்பிட்டாள். வளைகாப்புக்கு முந்தின நாள் அவர் வந்து கதவின் மேல்விளிம்பையும் பக்கத்தையும் நன்றாகச் சீவிவிட்டுப் போனார். ஒரு விரலால் தள்ளினால் போதும், கதவு வழுக்கிக்கொண்டு போனது.

"தள்ளி வைப்போமே தவமணி. ரோடெல்லாம் வெள்ளம்" என்றார் தியாகராஜா.

"வளைகாப்புக்கு நாள் குறிச்சா குறிச்சதுதான். தள்ளி வச்சா சம்பந்தி என்ன நெனப்பா?"

சம்பந்தி அந்த மழையிலும் வந்துவிட்டாள். வேன் பிடித்து, மாத்தளையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, வளையல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். விடிந்து வெளிச்சம் வந்ததும் குசினி நிறைந்துவிட்டது. ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி புளி கரைக்க, ஒருத்தி எலுமிச்சம்பழம் பிழிய, ஏழு வகைச் சோற்றுக்கும் அடுப்பில் பானை ஏறியது. ஒரே சிரிப்பு. "மாமியார்காரி, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இன்னிக்கு எங்க ராஜ்ஜியம்" என்று தவமணியைக் கேலி செய்தார்கள். சர்க்கரைச் சோற்றுக்கு முதல் கரண்டி வயிற்றுப்பிள்ளைக்காரி கிண்ட வேண்டும் என்பது புஷ்பம் வீட்டு வழக்கம். சுபாஜினியைக் கூட்டிவந்து அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் மலை.

தியாகராஜா ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நம்ம பக்கத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை போட்டிருக்கான். மேட்டுக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாம் இறங்கணுமாம்."

"சாப்பிட்டுட்டு இறங்கலாம் அண்ணே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதற்காகப் பின்கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

தோளால் இடித்தாள். மேல் மூலை நிலையில் கவ்விப் பிடித்திருந்தது. நேற்றுத்தான் சீவியது. ஒரு விரலுக்கு ஓடிய கதவு. ஒரு ராத்திரியில் பலகை இவ்வளவு ஊறுமா? தவமணிக்கு அப்போது தொழிற்சாலை ஞாபகம் வந்தது. கோணின தையலைப் பிரித்துத் திருத்தின பிறகும் அது மறுபடி அதே இடத்தில் கோணினால், தைக்கிற பிள்ளையைத் திட்டிப் பிரயோசனமில்லை, மெஷினே நகர்ந்திருக்கிறது. இங்கே கதவு வளையவில்லை. நிலை வளைந்திருக்கிறது. நிலை வளைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது. சுவரைத் தள்ளுவது யார்?

கீழே பார்த்தாள். கதவிடுக்கில் வந்த தண்ணீர் இத்தனை நாளும் தெளிவாகத்தான் வந்தது. இப்போது டீ மாதிரி சிவந்து வந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. தகரத்தில் மழை இரைச்சல், உள்ளே சிரிப்பு இரைச்சல்.

"எந்திரிங்கடி எல்லாரும்! போட்டது போட்டபடி போங்க!" பல்லேகலயில் முழு லைனையும் நிறுத்திய குரல் அது. துருவிய கை நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி இது?" என்றாள் புஷ்பம். "சோறு பாதி வேக்காட்டுல இருக்கு. புள்ள கரண்டிய கையில புடிச்சிருக்கா. இப்ப எந்திரிக்கச் சொல்றீங்க?"

"மேடு வருது சம்பந்தி. கதவப் பாருங்க, தண்ணியப் பாருங்க."

"மழைக்குத் தண்ணி வராம என்ன வரும்? நல்ல காரியத்துக்கு மூட்டின அடுப்பு, தானா அணையிற வரைக்கும் ஆள் நகரக்கூடாது. ஒங்களுக்குத் தெரியாதா? ஏற்கனவே ஒண்ணப் பறிகுடுத்தவ என் மக. நீ கிண்டும்மா."

சுபாஜினி கரண்டியைப் பிடித்தபடி இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. பெற்றவள் கை அவள் தோளில் இருந்தது. அவள் எழுந்திருக்காவிட்டால் மற்றப் பெண்களும் நகரமாட்டார்கள். அடுப்பு எரிகிறவரை அவள் எழுந்திருக்கமாட்டாள். தவமணிக்கு அது ஒரே நொடியில் விளங்கியது.

கையிலிருந்த அரிசி களைந்த தண்ணீரை அப்படியே அடுப்புக்குள் கொட்டினாள்.

உஸ்ஸென்று புகை எழும்பிக் குசினியை மூடியது. சாம்பல் பறந்தது. "அடியாத்தி!" என்று யாரோ அலறினார்கள். புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! வயித்துப்புள்ளக்காரி முன்னால அடுப்ப அணைச்சிட்டியே! நீ எல்லாம் ஒரு பொம்பளையா?" இருமலோடும் அழுகையோடும் பெண்கள் ஹோலுக்குள் ஓடினார்கள். தவமணி சுபாஜினியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். கடைசி ஆளாகப் புஷ்பத்தின் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். சம்பந்தி முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காலமும் வந்ததே! ஆனால் தள்ளினாள்.

படியில் தண்ணீர் ஓடை மாதிரி ஓடியது. தியாகராஜா கீழே நின்று ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினார். ரோட்டோரத்து வீட்டு ஆஸியா உம்மா வாசலுக்கு ஓடி வந்தார். "என்னத்துக்கு மழையில நிண்டுக்கிட்டு ஈக்கிறீங்க? வயித்துப்புள்ளக்காரிய மொதல்ல உள்ளுக்குக் கூட்டி வாங்க. யா அல்லாஹ், புள்ள நடுங்குதே!" என்று துவாயைக் கொண்டுவந்து சுபாஜினியின் தலையைத் துவட்டினார்.

ஆஸியா உம்மாவின் யன்னலிலிருந்து பார்த்தால் மேட்டின் தலை தெரியும். தவமணி அங்கிருந்து நகரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வரவேண்டாம் என்றும் வேண்டினாள். வராவிட்டால் தன் கதி என்ன என்றும் நினைத்தாள். இப்படி ஓர் இக்கட்டு எந்த மனுஷிக்கும் வரக்கூடாது. பின்னால் புஷ்பத்தின் குரல் ஓயவில்லை. "நல்ல நேரம் போச்சு. சோறு போச்சு. ஈர அடுப்ப விட்டுட்டு வந்திருக்கோம். என் மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கையாலதான் ஆச்சுன்னு நான் ஊர் பூராச் சொல்லுவேன்." வளையல் பெட்டியை மடியில் வைத்துக் கைகளால் மூடிக்கொண்டாள். ஆஸியா உம்மா தன் ஹோலிலேயே வளையலைப் போடச் சொல்லியும் அவள் திறக்கவில்லை.

மேடு வரவில்லை.

அன்றும் வரவில்லை, ஆஸியா உம்மா வீட்டிலேயே எல்லோரும் படுத்தெழும்பிய மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மழை விட்டது. ஹந்தானைக்கு மேலே வெயில் வந்து, மலை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பச்சையாகக் குளித்து நின்றது. இதைவிடத் தவமணியை யாரும் அடித்துப் போட்டிருக்க முடியாது. மாத்தளைப் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். கட்டாரிலிருந்து சஞ்சீவ் ஃபோனில், "அம்மா, நீங்க எதுக்கும்மா இவ்வளவு பயந்தீங்க? சுபா அம்மா அழறாங்க" என்றான். தியாகராஜா மட்டும் அவளைக் குறை சொல்லவில்லை. துஷானியிடம் பேசியிருந்தார்; அவள் ஊரெல்லாம் சரிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னேரம் வந்து பார்க்கும்வரை யாரும் மேலே போகவேண்டாம் என்றாள். அதை அவர் எல்லோரிடமும் சொன்னார். ஒரு தடவை.

பின்னேரம்வரை புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, காலையிலேயே ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்துவிட்டாள். "அணைச்ச அடுப்ப அணைச்சவதான் மூட்டணும். அதே அடுப்பு. அதே இடம். அப்பத்தான் தோஷம் போகும். ஒரு பானை சர்க்கரைச் சோறு போதும், வளையலப் போட்டுட்டு நான் போயிடுறேன்" என்றாள். மூன்று நாளாகத் தலைகுனிந்து நின்ற தவமணிக்கு மறுக்கத் தெம்பில்லை. அவளுக்குள்ளிருந்த அந்த வாயாடி செத்துப் போயிருந்தாள். வெயில்தானே வந்துவிட்டது, ஒரு பானைச் சோறுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறினாள்.

குசினி விட்டது விட்டபடி கிடந்தது. தேங்காய் பாதி துருவியபடி, புளித்தண்ணீர் நுரைத்துப் போய். தவமணி ஈரச் சாம்பலை வாரினாள். காய்ந்த விறகை அடுக்கினாள். பானையை ஏற்றினாள். புஷ்பம் பலகையைத் தட்டிப் போட்டு, "வாம்மா, உக்காரு" என்றாள்.

சுபாஜினி ஹோல் வாசற்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"வாடி, நேரம் போகுது."

"நான் வரல்லம்மா."

தவமணி நெருப்புப்பெட்டியோடு திரும்பினாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் அந்தப் பிள்ளை வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மாமி, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது." சுபாஜினி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அடுப்புக்கிட்ட உக்காரும்போது முதுகுக்குப் பின்னால சத்தம் கேக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் கல்லு உருளுற மாதிரி. மழை தொடங்கின நாள்லயிருந்து கேக்குது. வளைகாப்பு அன்னிக்கும் கேட்டுச்சு. நீங்க தண்ணிய ஊத்தும்போது எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு மாமி."

"கேட்டுச்சா?" தவமணிக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "கேட்டுக்கிட்டே அங்கயா உக்காந்திருந்த? ஏண்டி சொல்லல? அந்தத் துஷானிப் புள்ள அவ்வளவு சொல்லிட்டுப் போனாளே, நீயும்தானே கேட்டுக்கிட்டு நின்ன?"

"எப்படி மாமி சொல்வேன்? இது ஒங்க குசினி. எனக்காகத்தான் கட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. இந்த அடுப்பாலதான் புள்ள தங்குச்சுன்னு அம்மா சொன்னாங்க. நான் இதக் குறை சொல்லி, அப்புறம் இதுவும் போயிடுச்சுன்னா…" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "செத்தா எல்லாரோடயும் சேர்ந்து சாவோம்னு இருந்தேன்."

புஷ்பம் பலகையை விட்டுவிட்டு மகள் பக்கம் போனாள்.

தவமணி அடுப்பங்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மேடு சரியவில்லை என்று மூன்று நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாளே, அந்த வெட்கமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேறொரு வெட்கம் வந்து சேர்ந்தது. மலைக்குப் பயப்படாத பிள்ளை இல்லை இவள். மலையைவிடத் தன் மாமியாருக்குப் பயந்து, வயிற்றுப் பிள்ளையோடு அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆசை ஆசையாகக் கட்டிய குசினி. அதற்குள் ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை. ஐயோ, நான் என்ன மனுஷி என்று தோன்றியது.

எழுந்து பானையை இறக்கினாள். அடுக்கிய விறகை இழுத்து வெளியே போட்டாள்.

"எல்லாரும் ஹோலத் தாண்டி முன்னுக்குப் போங்க. ஏங்க! அந்த அலவாங்க எடுத்துட்டு வாங்க."

தியாகராஜா கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "தவமணி, மேடு விழல்லயே. எத்தனையோ பேர் இதுக்கு மேல கட்டிக்கிட்டு இருக்காங்க. அதிகாரி வரட்டும், பின்னேரம் பார்த்துட்டு…"

"விழுந்திருந்தா நான் இடிக்க என்னங்க மிச்சம் இருக்கும்? விழாததாலதான் இடிக்கிறேன். நீங்களும் ஒண்ணு கேட்டுக்குங்க. இனிமே எனக்கு எதையாவது ஒரு தடவ சொல்லிட்டுப் பேப்பரத் தூக்கினீங்க, அந்தப் பேப்பர அடுப்புல வச்சிடுவேன். பத்துத் தடவ சொல்லணும். நான் கத்தினாலும் சொல்லணும்."

"சரி" என்றார் தியாகராஜா. பிறகு, கொஞ்சம் யோசித்து, "அப்ப மேட்டுப் பக்கத்துச் சுவரத் தொடாத. அதுதான் இப்ப மண்ணப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அத அந்தப் புள்ள வந்து சொல்ற மாதிரித்தான் எடுக்கணும். அடுப்ப மட்டும் உடைச்சிட்டு வெளிய வா" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதையே மறுபடியும் சொன்னார்.

"நல்ல நேரத்துல அடுப்ப இடிக்கிறீங்களே அண்ணி" என்றாள் புஷ்பம். ஆனால் அது சண்டையாக இல்லை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுல இனி எது தப்புன்னாலும் மொதல்ல நீதான் பேசணும், சுபா. என்னப் பத்தின தப்புன்னா சத்தமாப் பேசு" என்றாள் தவமணி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அலவாங்கைத் தலைக்கு மேலே தூக்கி அடுப்பின் நடுவில் இறக்கினாள்.

முதல் அடிக்கு அடுப்பு அசையவில்லை. காளிமுத்து பாஸ் சீமெந்தைத் தாராளமாகத்தான் போட்டிருந்தார். அவள் காலை அகற்றி ஊன்றிக்கொண்டு மறுபடியும் ஓங்கினாள்.